பாதி வழியில் இன்ஜின் ஆயில் குறைந்தால்: அளவு பார்ப்பதிலிருந்து ஊற்றி முடிப்பது வரை

எனக்கு தர்மபுரியில் வீடு, ஓசூரில் வேலை. வாரத்துக்கு ஒருமுறையாவது காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி வழியாக வண்டியில்தான் போய்வருகிறேன். விடுமுறை கிடைத்தால் நண்பர்கள், அவர்களின் தம்பிகள், புதிதாக பைக் வாங்கியவர்கள் என்று ஆறேழு பேர் சேர்ந்து ஒகேனக்கல், திருவண்ணாமலை, ஏற்காடு பக்கம் கிளம்புவோம். வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆயில் குறைந்தால்தான் தடுமாறுகிறார்கள்.

நடு வழியில் ஆயில் ஊற்றுவது கால்மணி நேர வேலை. ஊற்றுவதற்கு அதில் ஒரு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் அளவு பார்ப்பதற்கு. நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல், அளவை ஒழுங்காகப் பார்க்காமல் பாட்டிலைத் திறந்ததால் வந்தவை. அதனால் கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்ற வேண்டாம்.

இது கியர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளுக்கானது. ஸ்கூட்டரும் கூட வந்தால் அதற்கான ஆயில் வேறு. அதை 6-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

வண்டியோடு கொடுத்த கையேட்டைத் திறந்து மூன்று விஷயங்களை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்: எந்த கிரேடு ஆயில், மொத்தம் எவ்வளவு கொள்ளும், அளவை எப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பங்கில் நின்றுகொண்டு ஆளுக்கொரு கிரேடு சொல்லும்போது இந்தப் படம்தான் தீர்ப்பு.

மொத்தக் கொள்ளளவு ஏன் தெரிந்திருக்க வேண்டும்? 100 சிசி வண்டியில் மொத்த ஆயிலே சுமார் ஒரு லிட்டர்தான். அதில் 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. 350 சிசி புல்லட்டில் இரண்டு லிட்டர் அளவுக்கு இருக்கும், அதே 200 மில்லி அங்கே பத்தில் ஒரு பங்கு. பக்கத்து வண்டிக்காரர் "நான் கால் லிட்டர் ஊத்தினேன்" என்று சொல்வது உங்கள் வண்டிக்கு அளவுகோல் ஆகாது.

கிளம்பும் நாள் காலையில் 3, 4-ஆம் பகுதிகளில் சொல்லும் முறையில் அளவு பார்த்து, அதையும் படம் எடுத்து வையுங்கள். நடு வழியில் பார்க்கும்போது ஒப்பிட ஒன்று வேண்டும். இல்லாவிட்டால், குறைந்ததா, முன்பே இப்படித்தான் இருந்ததா என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. கடைசி சர்வீஸில் மிச்சமான அதே ஆயில், மூடி இறுகிய பாட்டிலில், பாலிதீன் கவருக்குள். ஒரு பிடி பனியன் வேஸ்ட். சின்ன புனல். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஒரு டிரிப்ஸ் டியூப். டிரிப்ஸ் டியூபை வெட்டி, அந்த முனையைச் சிரிஞ்சின் மூக்கில் இறுக்கமாகச் செருகிக்கொள்ளுங்கள். இதை ஏன் சுமக்கச் சொல்கிறேன் என்பது 9-ஆம் பகுதியில் தெரியும். ட்ரெயின் போல்ட்டுக்கு (பழைய ஆயிலை வடிக்க இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்) பொருந்தும் ஸ்பேனர் ஒன்றையும் டூல் கிட்டில் சரிபார்த்துவிடுங்கள்.

2. எப்போது பார்ப்பது

நம் ஊரில் ஓடும் சாதாரண வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு கிடையாது. விளக்கு இருக்கிற வண்டியிலும் அது காட்டுவது பெரும்பாலும் பிரஷரை. அது எரியும் நேரத்தில் ஆயில் ஏற்கெனவே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம். அதனால் விளக்கை நம்பி ஓட்டாதீர்கள்.

நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு நீண்ட பயணத்தில் தினம் ஒருமுறை போதும். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி, ஏற்கெனவே ஆயில் குடிக்கும் வண்டி, சர்வீஸ் நாள் நெருங்கிய வண்டி என்றால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பாருங்கள். இரண்டு பேர் ஏறி, பையும் கட்டி, நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் விரட்டினால் ஊருக்குள் ஓட்டும்போது குடிப்பதைவிட அதிகம் குடிக்கும். இன்ஜின் சூட்டில் ஆயில் இளகி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி மேலே போய் எரிவதுதான் காரணம்.

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து "டக் டக்" சத்தம் கூடுவது, கியர் மாற்றும்போது கரகரப்பு, ஓடி வந்து நிறுத்தியதும் எரிந்த வாடை, இதில் எது வந்தாலும் அடுத்த ஊர் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் முதலில் கிடைக்கும் பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள்.

3. எங்கே நிறுத்துவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது

சமதளம் வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் சமமாகத் தெரிந்தாலும் மழைத் தண்ணீர் ஓடுவதற்காக வெளிப்பக்கம் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். அந்தச் சின்னச் சரிவே அளவைப் பொய்யாக்கிவிடும். பெட்ரோல் பங்கின் தளம், பெரிய ஓட்டல் வாசலில் போட்ட சிமென்ட் தரை, இவை நல்லவை. சந்தேகமாக இருந்தால் தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்கப் போடுங்கள். உருண்டால் இடத்தை மாற்றுங்கள்.

தொப்பூர் கணவாயில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஓரம் கட்டி அளவு பார்க்காதீர்கள். தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நெடுக இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் எத்தனை உயிரை வாங்கியிருக்கின்றன என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கணவாய்க்கு முன்பே பார்த்துவிடுங்கள், அல்லது முழுசாக இறங்கிய பிறகு பாருங்கள்.

நிறுத்தியதும் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். உங்கள் கையேடு வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயிலில் ஒரு பகுதி ஹெட்டிலும் கிளட்ச் பக்கமும் கியர்களின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கீழே வடிந்து சேர்ந்த பிறகு தெரிவதுதான் உண்மையான அளவு. நிறுத்திய கையோடு பார்த்தால் குறைவாகக் காட்டும், நீங்கள் தேவையில்லாமல் ஊற்றுவீர்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் மூன்று நான்கு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, ஆஃப் செய்து, பிறகு காத்திருந்து பாருங்கள். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த இன்ஜினில் பம்ப் தேய்ந்திருந்தால், நிற்க நிற்க அதன் ஆயில் டேங்கில் இருக்கும் ஆயில் கீழே கிராங்க் பக்கம் இறங்கிவிடும். காலையில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) காய்ந்து கிடக்கும், ஆயில் எங்கும் போயிருக்காது. ஓடவிட்டால் திரும்பி வந்துவிடும். ஓடவிடாமல் ஊற்றியவர்கள் பிறகு இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் கொட்டுவதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

4. நிமிர்த்தி அளவு பார்ப்பது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். அளவு பார்க்க சில வண்டிகளில் இன்ஜினின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் இருக்கும், மற்றவற்றில் டிப்ஸ்டிக் இருக்கும்.

காரிமங்கலம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். ஓசூர்ப் பையன் ஒருவன் முகம் வெளுத்துப்போய் வந்தான். "அண்ணா, கண்ணாடில ஆயிலே தெரியல. அரை லிட்டர் ஊத்திட்டேன், இன்னும் தெரிய மாட்டேங்குது. மீதியையும் ஊத்திடவா?" என்றான். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. "ஊத்தாத தம்பி, ரெண்டு பேரும் புடிச்சி நிமுத்தலாம் வா" என்று நிமிர்த்தினோம். கண்ணாடி வட்டம் முழுக்க பழுப்பு நிறத்தில் நிறைந்துவிட்டது. மேல் கோடு எங்கே என்றே தெரியவில்லை.

என்ன நடந்தது? சைடு ஸ்டாண்ட் இடது பக்கம். வண்டி இடது பக்கம் சாயும், உள்ளே ஆயிலும் இடது பக்கம் ஓடும். நம்மிடம் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அளவு பார்க்கும் கண்ணாடியோ டிப்ஸ்டிக்கோ வலது பக்கம், கிளட்ச் கவரில் இருக்கிறது. சாய்ந்த வண்டியில் வலது பக்கம் மேலே தூக்கி நிற்பதால் அங்கே ஆயில் எட்டாது. நிறைய இருந்தாலும் இல்லாத மாதிரிதான் தெரியும்.

சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் நேராக நிமிர்த்திப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். பிடிப்பவர் முன்னால் நின்று பார்த்தால் ஹேண்டில்பாரின் இரு முனைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் தெரியும், அப்போது சரி.

தனியாக இருந்தால் நான் செய்வது இது: ஃபோனை வீடியோவில் ஓடவிட்டு, வலது பக்கம் தரையில் ஒரு கல்லில் சாய்த்து, கேமரா கண்ணாடியைப் பார்க்கும்படி வைப்பேன். பிறகு இடது பக்கம் நின்று இரண்டு கையாலும் வண்டியை மெதுவாக நிமிர்த்தி, பத்து எண்ணிவிட்டு, சைடு ஸ்டாண்டில் சாய்ப்பேன். வீடியோவை நிறுத்திப் பார்த்தால் கோடு தெளிவாகத் தெரியும். ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு குனிந்து எட்டிப் பார்க்கப்போய் வண்டியைக் கீழே போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி உள்ள வண்டியில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஆயில் மட்டம் இருக்க வேண்டும். பழைய வண்டியில் கண்ணாடி உள்பக்கம் கறை படிந்து, ஆயில் இருப்பது போலவே காட்டும். வண்டியை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். மட்டம் அசைந்தால் அது ஆயில், அசையாமல் நின்றால் கறை.

டிப்ஸ்டிக் உள்ள வண்டியில், முதலில் சுற்றியுள்ள அழுக்கைத் துடையுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் தூசி எல்லா இடத்திலும் படியும். அது மூடியின் ஓரத்தில் மாவு மாதிரி உட்கார்ந்திருக்கும். துடைக்காமல் திறந்தால் நேரே உள்ளே விழும், பேரிங்குக்கும் சிலிண்டருக்கும் அது உப்புத்தாள் மாதிரி. துடைத்த பிறகு கழற்றி, குச்சியை பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். முதல் தடவை எடுத்ததும் தெரியும் அளவை நம்பக் கூடாது. ஓடும்போது தெறித்த ஆயில் குச்சி முழுக்க அப்பியிருக்கும்.

மறுபடி விடும்போது மரையை முறுக்க வேண்டுமா? ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் முறுக்காமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். முறுக்கினால் குச்சி இன்னும் ஆழம் போய் அதிகமாகக் காட்டும், குறைந்த ஆயிலை நிறைவு என்று நினைத்து ஓட்டுவீர்கள். சில மாடல்களில் முறுக்கிப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் எடுத்து வைத்த கையேட்டுப் படத்தைப் பாருங்கள்.

இரண்டு முறை பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. இப்போது முடிவு எடுங்கள்

மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் எதுவும் ஊற்ற வேண்டாம், மூடிவிட்டுக் கிளம்புங்கள். மேல் கோட்டைத் தொட்டே தீர வேண்டும் என்ற ஆசைதான் புதியவர்களைக் கெடுக்கிறது. ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்றும் ஊற்ற வேண்டாம். புதிய ஆயில்கூடக் கொஞ்ச நாளில் கறுத்துவிடும். உள்ளே சேரும் கரியைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வது அதன் வேலை.

கீழ்க் கோட்டை ஒட்டி இருந்தால் ஊற்றுங்கள். கோட்டுக்குக் கீழே போய்விட்டால் அந்த இடத்திலிருந்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், கூட வந்தவரை அனுப்பி ஆயில் வாங்கி வரச் சொல்லுங்கள். மட்டம் மிகவும் இறங்கினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். முதலில் அடிபடுவது மேலே ஹெட்டில் உள்ள கேம் ஷாஃப்ட்டும் ராக்கர்களும்தான். அப்புறம் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பத்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்ற பேச்சை நம்பாதீர்கள்.

ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீரோ கூலண்ட்டோ கலந்திருக்கிறது. காலையில் பார்த்ததைவிட மட்டம் உயர்ந்து, பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் இறங்கியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே ஆயில் ஊற்றுவது மருந்தல்ல. வண்டியை நிறுத்தி மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் கீழே குனிந்து பாருங்கள். ட்ரெயின் போல்ட்டின் நுனியில் சொட்டு நிற்கிறதா, ஃபில்டர் கவர், கிளட்ச் கவர் ஓரங்களில் புதிய ஈரம் இருக்கிறதா, செயின் ஸ்ப்ராக்கெட் பக்கம் கொழகொழவென்று இருக்கிறதா? பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுப் பார்த்தால் எங்கே புதிதாகக் கசிகிறது என்று தெரியும். போல்ட் லூஸ் என்றால் ஸ்பேனரால் இறுக்கிய பிறகே ஊற்ற வேண்டும். ஆனால் அலுமினிய மரை சீக்கிரம் உரிந்துவிடும், உடம்பு பலத்தையெல்லாம் அதில் காட்ட வேண்டாம்.

6. எந்த ஆயில் வாங்குவது

முதல் தேர்வு, பையில் இருக்கும் அதே ஆயில். அது இல்லாவிட்டால் கையேடு சொன்ன கிரேடு, அதாவது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 15டபிள்யூ-50 என்று இருக்கும் எண்கள். முதல் எண் ஆயில் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது, இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்பதை. நம் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டு வேலை செய்கின்றன. கார் ஆயிலில், முக்கியமாக எரிபொருள் மிச்சப்படுத்துவது என்று போட்டிருக்கும் இளகிய ஆயிலில், உராய்வைக் குறைக்கும் பொருட்கள் சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது. பைக்கில் கிளட்ச் வழுக்கும்: ஆக்சிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. மேட்டில் ஏறும்போதுதான் இது முதலில் தெரியவரும்.

ஸ்கூட்டருக்கு கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் ஜாசோ எம்பி போடுவார்கள். ஆக்டிவாவுக்கு வாங்கிய பாட்டிலில் மிச்சத்தை பைக்கில் ஊற்ற வேண்டாம்.

பெட்ரோல் பங்குகளில் சர்வோ, எச்பி, மாக் என்று அந்தந்த கம்பெனியின் 4டி ஆயில், அதாவது ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் கிடைக்கும். பக்கத்திலேயே 2டி (டூ ஸ்ட்ரோக்) பாட்டிலும் வைத்திருப்பார்கள். அது பெட்ரோலோடு கலந்து எரிவதற்கான ஆயில், இன்ஜினுக்குள் ஊற்றுவதற்கானது அல்ல. "ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்காமல் "4டி ஆயில், இந்த கிரேடு" என்று கேளுங்கள். மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். கேனிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வேறு கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா, மினரலோடு சிந்தெடிக் சேரலாமா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நூறு, இருநூறு மில்லி மேலே சேர்ப்பதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. அவை ஒன்றோடொன்று கலக்கும்படிதான் தயாரிக்கிறார்கள். கிரேடு கொஞ்சம் மாறினாலும் ஊர் போய்ச் சேரலாம். ஜாசோ குறி மட்டும் இருக்கட்டும்.

கிருஷ்ணகிரியைச் சுற்றி லாரி நிற்கும் இடங்களில் ஒன்று நடக்கும். நாம் வண்டியோடு நிற்பதைப் பார்த்து டிரைவர் அண்ணன் இறங்கி வந்து, "என்னப்பா, ஆயில் இல்லையா? நம்ம கேன்ல இருக்கு, புடிச்சிக்கோ" என்பார். மனசு பெரியது, ஆனால் அது டீசல் இன்ஜினுக்கான 15டபிள்யூ-40. பக்கத்தில் பங்க் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு பங்குக்கே ஆள் அனுப்புங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயிலே ஒட்டவில்லை, அக்கம்பக்கம் எதுவும் இல்லை, இருட்டுகிறது என்றால் மட்டும் வாங்கிக் கீழ்க் கோடு வரை ஊற்றி, மெதுவாக அடுத்த ஊர் போய் மொத்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஆயில் இல்லாமல் ஓட்டுவதற்கு அது மேல்.

வழியைப் பொறுத்தும் முன்கூட்டி வாங்க வேண்டும். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போனால் பென்னாகரத்தில் கடைகள் உண்டு. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாகக் காட்டுக்குள் போகிறீர்கள் என்றால் தேன்கனிக்கோட்டையிலேயே பாட்டிலைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

7. ஊற்றுவது

இன்ஜின் ஆஃப். சாவியும் வெளியே. ஓடும்போது மூடியைத் திறந்தால் சூடான ஆயில் தெறிக்கும்.

சில வண்டிகளில் டிப்ஸ்டிக் துளையே ஊற்றும் துளை, சிலவற்றில் தனி மூடி. மூடியைக் கழற்றியதும் அதைத் தரையில் வைக்காதீர்கள். சீட்டின் மேல் சுத்தமான துணியில் வையுங்கள். மண்ணில் விழுந்த மூடி அந்த மண்ணோடுதான் திரும்ப உள்ளே போகும். துளைக்கு ஒரு துணியோ காகிதமோ போட்டு அடைத்து வையுங்கள், துணித் துணுக்கு உள்ளே விழாதபடி.

புனல் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டித் தலைகீழாகப் பிடியுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது, வெட்டிய ஓரத்தில் பிளாஸ்டிக் பிசிறும் இருக்கக் கூடாது. பனியன் வேஸ்ட்டால் நன்றாகத் துடைத்து, வெயிலில் ஐந்து நிமிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஒரு தடவைக்கு 50 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டாம். சிரிஞ்சால் அளந்தால் இரண்டரை சிரிஞ்ச். பாட்டிலின் பக்கத்தில் அளவுக்கோடு இருந்தால் அதுவும் போதும். ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, வண்டியை நிமிர்த்தி மறுபடி பாருங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், துளையிலிருந்து கீழே போய்ச் சேர நேரமாகும். உடனே பார்த்துவிட்டு "இன்னும் ஏறலையே" என்று மறுபடி ஊற்றுவதுதான் அளவைத் தாண்ட வைக்கிறது.

கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்துங்கள். பயணம் நீளம், வண்டி குடிக்கும் வண்டி என்றால் முக்கால் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

8. மூடிய பிறகு

மூடியில் கறுப்பு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதில் ஒரு துளி ஆயில் தடவி, கையால் மட்டும் முறுக்குங்கள். முதல் இரண்டு சுற்று எந்தத் தடையும் இல்லாமல் போக வேண்டும். தடுத்தால் மரை குறுக்கே ஏறுகிறது, திருப்பி எடுத்து மறுபடி வையுங்கள்.

பாலக்கோடு சாலையில் ஒருமுறை நானே அவசரத்தில் மூடியைச் சாய்த்து ஏற்றிவிட்டேன். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு வலது கால் செருப்பு வழுக்கியது. குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை ஆயில், பின் டயரின் ஓரத்திலும் பளபளப்பு. வளைவில் சாய்ந்திருந்தால் அன்று விழுந்திருப்பேன். அதிலிருந்து, ஊற்றிய பிறகு முதல் இரண்டு கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மூடியைத் தொட்டுப் பார்க்காமல் நான் வேகம் எடுப்பதில்லை.

வழிந்த ஆயிலைத் துடையுங்கள். சைலன்சரில் விழுந்தது புகையும், வாடை வரும், ஆபத்தில்லை. டயரிலோ டிஸ்க்கிலோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகே கிளம்ப வேண்டும். துணியால் துடைத்தது போதாது.

ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, கீழே சொட்டுகிறதா பார்த்து, ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் கழித்துக் கடைசியாக ஒருமுறை அளவு பாருங்கள். காலி பாட்டிலும் அழுக்குத் துணியும் பாலிதீன் கவரில் கட்டி உங்கள் பையிலேயே வரட்டும். ஏரிக்கரையிலோ தென்பெண்ணை ஓரத்திலோ எறிந்துவிட்டு வராதீர்கள். நாளைக்கு அந்தத் தண்ணீர்தான் நமக்கு.

9. அதிகமாக ஊற்றிவிட்டால்

ஓட்டினால் தானே குறைந்துவிடும் என்று கிளம்பக் கூடாது. மட்டம் உயர்ந்தால் சுழலும் பாகங்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் பம்ப் தள்ளும் ஆயில் சரியாகப் பூசாது, குறைந்த ஆயில் செய்யும் கெடுதலையே அதிக ஆயிலும் செய்யும். கூடவே பிரீதர் வழியாக ஆயில் ஏர் ஃபில்டருக்குப் போகும், வண்டி இழுக்காது, சைலன்சர் புகையும், சீல்கள் கசியும்.

இங்கேதான் அந்த சிரிஞ்ச். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரிப்ஸ் டியூபை ஊற்றும் துளை வழியாகக் கீழே விட்டு இழுங்கள். கெட்டியான ஆயில் என்பதால் மெதுவாகத்தான் ஏறும். இருபது இருபது மில்லியாக எடுத்துப் பழைய பாட்டிலில் சேருங்கள். காரிமங்கலத்துப் பையனின் வண்டியில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்தியும் எடுக்கலாம், ஆனால் சூடான ஆயில் கையில் கொட்டும், போல்ட் முழுசாகக் கழன்றால் எல்லாமே போய்விடும், வாஷரும் மண்ணில் விழும். புதியவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

அந்த நிலையில் ஏற்கெனவே ஓட்டியிருந்தால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே தொங்கும் சின்ன டியூபைப் பாருங்கள். அதில் ஆயில் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

10. மீதிப் பயணத்தில் கவனிக்க வேண்டியது

ஊற்றியது எத்தனை மில்லி, அப்போது ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வையுங்கள். அடுத்த 100 கிலோமீட்டரில் மறுபடி அளவு பாருங்கள். மட்டம் அப்படியே நின்றால் பழைய மாதிரி தினம் ஒருமுறை போதும். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் அந்த வண்டியைப் பெரிய மலை எதிலும் ஏற்ற வேண்டாம், நேரே வீட்டுக்குத் திருப்புங்கள்.

பின்னால் வருபவரிடம் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் தொப்பூர் சாலை இதற்கு நல்ல சோதனை. ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு இறக்கம் முழுக்க வந்து, கீழே சமதளத்தில் மறுபடி முறுக்கியதும் குப்பென்று நீலப் புகை வந்து நின்றுவிட்டால் சந்தேகம் வால்வு சீல் மேல். ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது உள்ளே உறிஞ்சும் வேகம் கூடி, தேய்ந்த சீல் வழியாக ஆயில் இறங்கிச் சேர்ந்திருக்கும். சேலத்திலிருந்து மேட்டில் ஏறி வரும்போது, முறுக்கும் நேரமெல்லாம் நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் பக்கம் தேய்மானம். மெக்கானிக்கிடம் "ஆயில் குடிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எந்த இடத்தில் புகைந்தது, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி போனது என்று சொன்னால் அவர் எங்கே பிரிக்க வேண்டும் என்று உடனே முடிவு செய்வார்.

நடு வழியில் வேறு ஆயில் கலந்திருந்தால் வீடு திரும்பிய வாரத்திலேயே மொத்தமும் வடித்து, ஃபில்டர் இருக்கும் வண்டியில் அதையும் மாற்றி, ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்கள். புதிய ஆயிலில் மிச்சமாகும் கொஞ்சத்தை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டு வராமல் வாங்கிப் பையில் வையுங்கள். அடுத்த பயணத்துக்கு அதுதான் பாட்டில்.